ஓவர்லாக் ஓட்டிய கைக்கு வீட்டில் என்ன வேலை?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. ஒன்பது வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில், துணி ஓரம் பிசிறாமல் அடிக்கிற ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதால் ஒட்டன்சத்திரம் பக்கம் கணவர் ஊருக்கே வந்துவிட்டோம். பெரியவள் ஆறாவது, சின்னவன் இரண்டாவது படிக்கிறார்கள். கணவர் காய்கறி வண்டி ஓட்டுகிறார். கையில் என் பி.எஃப். பணம் 58,000 ரூபாய் இருக்கிறது. மகளிர் குழுவில் ஒரு லட்சம் லோன் தருகிறோம் என்கிறார்கள். மெயின் ரோட்டில் கண்ணாடி போட்ட கடை ஒன்று காலியாக இருக்கிறது, அதைப் பிடித்து மூன்று மெஷின் போட்டு பொட்டிக் வைத்துவிடு என்கிறார் கொழுந்தனார். எனக்கு வீட்டிலேயே ஆரம்பிக்க ஆசை. மாமியாரின் பழைய கால் மெஷின் இருக்கிறது. இங்கே லைனிங் பிளவுஸுக்கு லைனிங் துணியும் சேர்த்து 300 ரூபாய் வாங்குகிறார்கள். எந்த மெஷின் வாங்கலாம்? ரேட் எப்படி வைப்பது? தெரிந்தவர்களிடம் காசு கேட்க வாய் வரவில்லை, என்ன செய்வது? கடைக்கு மகள் பெயரை வைக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் 'மெஷின்' மூன்று இடத்தில் வருகிறது. 'கட்டிங்' ஓர் இடத்திலும் இல்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னிடம் தையல் பழக வருகிறவர்களில் கம்பெனியிலிருந்து வந்தவர்களை அவர்கள் மெஷினில் உட்காரும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். கண் எங்கோ இருக்கும், கை துணியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒன்றரை ஷிப்ட் பார்த்த கைக்கு வருகிற வேகம் அது; வீட்டில் பழகியவர்களுக்கு லேசில் வராது. ஆனால் கம்பெனியில் துணி உங்கள் கைக்கு வெட்டித்தான் வந்தது. வெட்ட கட்டிங் மாஸ்டர், எடுத்துக் கொடுக்க கைமடி, தைத்ததைப் பார்க்க செக்கிங். நீங்கள் சைடு மட்டும் அடித்திருப்பீர்கள், அல்லது தோள் மட்டும் சேர்த்திருப்பீர்கள். எம், எல், எக்ஸ்எல் என்று சைஸ் இருந்ததே தவிர, எதிரில் ஓர் உடம்பு இருந்ததில்லை. போதாக்குறைக்கு பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும். அரை அங்குலம் பிசகினாலும் போட்டவருக்குத் தெரியாது. பிளவுஸில் அரை அங்குலம் பிசகினால் அவர் கையைத் தூக்கித் தலை சீவ முடியாது.

அதனால் முதல் மூன்று மாதம் வெட்டப் பழகுவதற்கு. வங்கிகள் மாவட்ட அளவில் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் பெண்களுக்கான தையல் பயிற்சி இலவசமாக நடக்கிறது; சாப்பாடும் உண்டு. ஒரு மாதம் போல நடக்கும். அந்தச் சான்றிதழ் பின்னால் கடன் கேட்கப் போகும்போதும் உதவும். ஆனால் ஒரு மாதத்தில் யாருக்கும் அக்குள் வெட்டு கைக்கு வந்துவிடாது, அது வீட்டில் வெட்டி வெட்டித்தான் வரும். மாமியாரின் பழைய நூல் சேலைகளைக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஐந்து விதமான உடம்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு பிளவுஸ் வெட்டித் தையுங்கள். மாமியாருக்குக் கூன் விழுந்திருந்தால் முதுகு உயரம் கூட வேண்டும், முன் உயரம் குறைய வேண்டும். இதை எந்தச் சார்ட்டும் உங்களுக்குச் சொல்லித் தராது. தோள் சரிந்தவர், மேல்கை பருத்தவர், பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆனவர் என்று ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். பத்து பிளவுஸ் முடிவதற்குள் எங்கே சுருக்கம் விழுகிறது, ஏன் விழுகிறது என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

அளவு பிளவுஸ் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை அப்படியே விரித்து வெட்டிவிடாதீர்கள். "இதில் எங்கே பிடிக்கவில்லை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிப் பேர் கொண்டு வருவதே அவர்களுக்குச் சரியில்லாத பிளவுஸ்தான். தோள் இறங்குகிறது என்று நாலு வருஷமாக ஊக்கு குத்திக்கொண்டு போயிருப்பார்கள், அதை உங்களிடம் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். அந்தக் குறையை நீங்கள் கேட்டு வாங்கிச் சரிசெய்தால் அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் உங்களிடம்தான் வருவார்கள்.

இன்னும் மூன்று பழக்கங்களை ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, தேய்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். லைனிங்கை முதலில் வெட்டி, ஒட்டுத்தையல் போட்டு, அளவு பிளவுஸோடு வைத்துப் பார்த்த பிறகே சேலைத்துணியில் கத்தரியை வையுங்கள். பக்கத் தையலில் ஒரு அங்குலமாவது உள்ளே விடுங்கள். அடுத்த தீபாவளிக்குள் யார் எவ்வளவு பெருப்பார்கள் என்று யார் கண்டது? முதல் ஆறு மாதம் அடுத்தவர் பட்டுத்துணியைத் தொடவே வேண்டாம். ஒரு பட்டுச்சேலையின் பார்டர் துணியில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக் கையாக நானே வெட்டியிருக்கிறேன். அந்தத் துணி தனியாக எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, வெட்டிய துண்டுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இப்போது கொழுந்தனாரின் யோசனை. அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் கண்ணாடிக் கடைக்கு அட்வான்ஸ், மாத வாடகை, போர்டு, லைட் என்று போனால் உங்கள் பி.எஃப். பணம் துணியைத் தொடுவதற்கு முன்பே கரைந்துவிடும். மூன்று மெஷின் போட்டால் மற்ற இரண்டிலும் யார் உட்காருவார்கள்? ஆள் போட்டால் வேலை இல்லாத வாரமும் கூலி கொடுக்க வேண்டும். பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் பெண்ணுக்கு உங்கள் கண்ணாடி தேவையில்லை. போட்டுப் பார்க்க ஓர் ஓரத்தில் திரைச்சீலை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று, கூச்சமில்லாமல் அளவு கொடுக்க ஒரு பெண் டெய்லர் இருந்தால் போதும். வீட்டில் இது மூன்றும் முடியும். வீட்டின் தொல்லை வேறு மாதிரி. ராத்திரி எட்டரைக்குக் கதவைத் தட்டுவார்கள், உலை கொதிக்கும்போது அளவு கொடுக்க வருவார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு காலை பத்து முதல் ஒன்று வரை, மாலை நாலு முதல் ஆறு வரை என்று கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். முதல் மாதம் கோபித்துக்கொள்வார்கள், அப்புறம் பழகிவிடும்.

ரேட்டுக்கு வருவோம். பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்து ரேட் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நோட்டு வாங்கி, தைக்கிற ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுதுங்கள். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் ஊர் லைனிங் பிளவுஸ் 300 ரூபாய். லைனிங் துணி, கொக்கி, நூல் எல்லாம் சேர்த்து 70 போனால் மிச்சம் 230. இதை நீங்கள் ஒன்றரை மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஏனென்றால் மெஷினில் உட்காருவது அவ்வளவுதான். அளவு எடுப்பதும் பேசுவதும் கால் மணி, லைனிங் நனைத்துத் தேய்ப்பது கால் மணி, வெட்டுவது அரை மணி, கை ஹெம்மிங்கும் கொக்கியும் முக்கால் மணி, கடைசித் தேய்ப்பு கால் மணி, போட்டுப் பார்த்த பிறகு திருத்தம் கால் மணி. ஆக மொத்தம் மூணே முக்கால் மணி நேரம். மணிக்கு 61 ரூபாய் விழுகிறது.

அதே சேலைக்கு ஃபால்ஸ் அடித்து ஓரம் மடிக்க 100 ரூபாய் வாங்கினால், ஃபால்ஸ் துணி, நூல் போக 70 நிற்கும். நாற்பது நிமிட வேலை, மணிக்கு 105 ரூபாய். சுடிதார் டாப்பில் சைடு பிடித்துக் கொடுக்க 40 ரூபாய் என்றால் இருபது நிமிடம், மணிக்கு 120. பெரிய வேலை என்று நாம் நினைக்கிற பிளவுஸில் கூலி குறைவாகவும், "இதெல்லாம் ஒரு வேலையா" என்று தள்ளுகிற சில்லறை வேலையில் கூலி அதிகமாகவும் நிற்கிறது. என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் நோட்டு வேறு சொல்லலாம். ஆனால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் இருக்கத்தான் செய்யும். நிறைய டெய்லர்கள் ஆல்டரேஷனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் அனுப்பாதீர்கள்.

அதற்காகப் பிளவுஸை விட்டுவிடவும் முடியாது. பிளவுஸ் கொடுக்க வருகிறவர்தான் ஃபால்ஸும் ஆல்டரேஷனும் கொண்டு வருவார். ஊர் ரேட்டைக் குறைத்து 250 என்று ஆரம்பிக்காதீர்கள். குறைந்த ரேட்டுக்கு வருகிறவர், இன்னும் பத்து ரூபாய் குறைத்து ஒருவர் வந்தால் அங்கே போய்விடுவார். நீங்களும் பிறகு ரேட்டை ஏற்ற முடியாது. 300 என்றே வையுங்கள். உள்ளே பிசிறு இல்லாமல் ஓவர்லாக் அடித்துக் கொடுங்கள். பிளவுஸைத் திருப்பிப் பார்க்கிற பெண்ணுக்கு அது தெரியும். மூணே முக்கால் மணி நேரம் ஆறு மாதத்தில் இரண்டரையாக இறங்கினால் ரேட்டைத் தொடாமலே உங்கள் கூலி ஏறிவிடும். அந்தக் கை வேகம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஓவர்லாக் என்றதும் இன்னொன்று. உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் வீட்டில் தைக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேரிடம் ஓவர்லாக் மெஷின் இருக்கும்? பலர் ஓரத்தைக் கத்தரித்துவிட்டுச் சும்மா விடுகிறார்கள், அல்லது பஸ் ஏறி டவுனுக்குப் போய் அடித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு நீங்கள் பீஸ் கணக்கில் ஓவர்லாக் அடித்துக் கொடுக்கலாம். அந்த டெய்லர்கள் உங்கள் போட்டி இல்லை, உங்கள் முதல் வாடிக்கையாளர்கள். வெட்டப் பழகுகிற மூன்று மாதத்திலும் இதிலிருந்து நாலு காசு வரும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் முதலில் தொடங்குவேன்.

ஆக, மெஷின். மாமியாரின் கால் மெஷினை மெக்கானிக்கிடம் காட்டி பெல்ட், பாபின் கேஸ் மாற்றி ஓட்டுங்கள். பிறகு தேவைப்பட்டால் அதற்கே சின்ன மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். முதல் முப்பது பிளவுஸ் அதில் வரட்டும். காசு கொடுத்து வாங்குகிற முதல் மெஷின் ஓவர்லாக்காக இருக்கட்டும். திருப்பூரில் உங்களுக்குப் பழகிய ஆட்கள் இருப்பார்கள், பழைய மெஷின் விற்கிற இடங்களும் தெரிந்திருக்கும். போகும்போது வீட்டிலிருந்து மெல்லிய லைனிங் துணியும் பிளவுஸ் துணியும் எடுத்துப்போய் அதில் அடித்துப் பாருங்கள். பனியன் துணிக்குச் செட் பண்ணிய மெஷின் மெல்லிய துணியைச் சுருக்கிவிடும், அதை மாற்றிச் செட் பண்ண உங்களுக்குத்தான் தெரியுமே. மோட்டாரைக் கட்டாயம் பாருங்கள். கம்பெனிக் கழிவு மெஷின் சிலவற்றில் மூன்று ஃபேஸ் மோட்டார் இருக்கும், வீட்டு சிங்கிள் ஃபேஸ் லைனில் அது ஓடாது. சிங்கிள் ஃபேஸ் என்றாலும் பழைய கிளட்ச் மோட்டார், நீங்கள் தைக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இரைந்துகொண்டு கரன்ட்டைக் குடிக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால் மட்டும் ஓடும், சத்தமும் குறைவு. உடம்பு முடியாத மாமியார் இருக்கும் வீட்டுக்கு அதுவே சரி. நேர்த்தையலுக்குக் கம்பெனியில் ஓடுகிற மாதிரி பவர் மெஷின் வாங்குவதை ஒரு தீபாவளி தாண்டிப் பார்க்கலாம்.

சின்ன விஷயம், ஆனால் கம்பெனி ஆட்கள் எல்லாரும் ஒரு தடவை ஏமாறுவது: ஊசி. கால் மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், கம்பெனி மெஷின் ஊசிக்கு முழு உருண்டை. மாற்றி வாங்கிவிட்டு, தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் 11, பருத்திக்கு 14. காலையில் எண்ணெய் விட்டதும் வெட்டுத்துணியில் இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு, பிறகு வாடிக்கையாளர் துணியை வையுங்கள்.

58,000 ரூபாயில் 25,000-க்கு மேல் எடுக்காதீர்கள். மிச்சம் வங்கியில் கிடக்கட்டும். குழுக் கடன் இப்போது வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, தையலும் படுத்துவிடும், ஆனால் தவணை நிற்காது. நீங்கள் கட்டாவிட்டால் குழுவில் மற்ற பெண்கள் தலையில் விழும். பின்னால் தேவைப்பட்டால் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையலும் சேர்த்திதான். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் நோட்டில் ஒரு வருஷக் கணக்கு சேர்ந்துவிடும், நல்லதுதான். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு ஆதாரை வைத்து இணையத்தில் இலவசமாகச் செய்வது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற புரோக்கரிடம் போகாதீர்கள். ஜி.எஸ்.டி. பற்றி இப்போது கவலை வேண்டாம், தையல் கூலி வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினால் அப்போது பார்க்கலாம். மோட்டார் போடும் முன் மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படுத்த மாதங்களுக்கும் வேலை உண்டு. மே கடைசியில் பள்ளி யூனிஃபார்ம். உங்கள் பக்கம் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிற பெண்கள் பச்சையும் காவியுமாக ஒரே மாதிரி எடுப்பார்கள். ஒரே நூல், ஒரே துணி, வரிசையாக அடித்துத் தள்ளலாம். கம்பெனிக் கைக்கு ஏற்ற வேலை.

இனி, பண்டிகை. என் முதல் தீபாவளிக்கு வந்த துணியை எல்லாம் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த தடவை வரமாட்டார்கள் என்று பயம். இரண்டு மெஷின், தொண்ணூறு பிளவுஸ். தீபாவளிக்கு முந்தைய ராத்திரி பதினேழு பிளவுஸ் தைக்காமல் கிடந்தன. விடிய விடிய என் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு. தைத்துக் கொடுத்த எழுபத்து மூன்று பேரும் அதைப் பற்றி வெளியே பேசவில்லை, இந்தப் பதினேழு பேரும் ஊர் முழுக்கப் பேசினார்கள். அடுத்த வருஷத்திலிருந்து கணக்கு வைத்தேன். நாளைக்கு இரண்டு பிளவுஸ், இருபது நாள் என்றால் நாற்பது. அதில் ஐந்து கரன்ட் போகும் நாளுக்கும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் நாளுக்கும். முப்பத்தைந்தில் நோட்டை மூடி, 'தீபாவளி ஆர்டர் முடிந்தது' என்று வாசலில் எழுதிப் போட்டுவிடுவேன். அதைப் படித்துவிட்டு, அடுத்த வருஷம் புரட்டாசி பிறந்ததுமே வந்து கொடுத்தவர்கள் உண்டு. கொக்கியும் ஹெம்மிங்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் பீஸ் கணக்கில் கொடுத்தால் முக்கால் மணி மிச்சம்.

துணி வாங்கும்போது நோட்டில் அளவு, தேதி, மாடல் எழுதி, துணியில் ஒரு துணுக்கு வெட்டிப் பின் பண்ணிவிடுங்கள். பாதிப் பணம் முன்னாலேயே வாங்கிவிட்டுத்தான் கத்தரி எடுக்க வேண்டும். கொடுக்கும்போது மிச்சமான வெட்டுத்துணி அத்தனையையும் ஒரு கவரில் போட்டுக் கூடவே கொடுங்கள். டெய்லர் துணி எடுத்துக்கொள்வார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது இல்லையா, உங்கள் வீட்டைப் பற்றி அந்தப் பேச்சு வராது.

தெரிந்தவர்களிடம் காசு கேட்க வாய் வராதது உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் வாயால் கேட்கும் வேலையையே எடுத்துவிட்டேன். ரேட் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். யார் வந்தாலும், சொந்த அத்தையே வந்தாலும், பில் எழுதித் துணியோடு கவரில் வைத்தேன். "என்னடி, எனக்கே பில்லா?" என்றார் அத்தை. "எல்லார் கணக்கும் நோட்டில் ஏறணும் அத்தை, இல்லாட்டி உங்க மருமகன் சத்தம் போடுவார்" என்றேன். அவர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை, அது வேறு விஷயம். மாமியாருக்கும் மகளுக்கும் இலவசம். அந்தப் பட்டியலை அதற்கு மேல் நீட்டாதீர்கள். மற்ற சொந்தங்களுக்கு விட்டுக்கொடுக்க ஆசைப்பட்டால், பிளவுஸைப் பிரித்து லூஸ் பண்ணிக் கொடுப்பதைச் சும்மா செய்யுங்கள். தையல் கூலியில் கைவைக்காதீர்கள்.

மகள் பெயரைத் தாராளமாக வையுங்கள். ஆனால் ஆறாவது படிக்கிறவள், அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவார்கள் என்று அவளுக்குத் தோன்றலாம். போர்டு எழுத ஆளைக் கூப்பிடுவது முப்பதாவது பிளவுஸுக்குப் பிறகு. அதுவரை வாசலில் ஓர் அட்டையில் 'இங்கே ஓவர்லாக் அடித்துத் தரப்படும்' என்று எழுதித் தொங்கவிடுங்கள்.